நல்லிணக்க வாரியம் பால் காய்ச்சிய நாள்

வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடுவே சண்டை சச்சரவு வரக்கூடாது என்று அரசாங்கம் ஒரு வாரியம் அமைத்தது. அதன் பெயர் இல்ல நல்லிணக்க வாரியம். வாரியத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஆகவே அதுவும் வாடகை வீட்டில்தான் குடியிருந்தது. திருத்தணிக்கு வந்த நாளிலிருந்து மூன்று வீட்டுக்காரர்கள் அதன் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் காலி செய்ய வைத்திருந்தார்கள். நாலாவதாக அதன் பார்வை ஹேமாவதியின் வீட்டில் விழுந்தது.

ஹேமாவதி அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்துப் பெண். சின்ன வயதிலிருந்தே பாவா என்று கூப்பிட்டுப் பழகிய அத்தை மகன் முரளிதரனைக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்தவள். மாடியும் கீழுமாக வீடு, பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் நான்கு விசைத்தறிகள். தறி அவள் பொறுப்பு. நூல் வாங்குவதும் துணியைக் கடைகளில் கொண்டுபோய்ப் போடுவதும் அவன் பொறுப்பு. ஆடிக் கிருத்திகைக்கு ஊர் முழுக்கக் காவடி நிறையும்போது மஞ்சள் சேலைக்கும் மஞ்சள் வேட்டிக்கும் அடிபிடி நடக்கும். அந்த ஒரு மாதம் தறி இரவு பகலாக ஓடினால்தான் மீதி மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும்.

கீழ்வீட்டை வாரியத்துக்கு விடலாம் என்று சொன்னவன் முரளிதரன்தான்.

"கவர்மெண்ட் ஆபீஸ்டி. குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணாது. கிருத்திகைக்கு ஊர்ல இருக்கற சொந்தக்காரங்கள எல்லாம் கூட்டிகினு வராது. அதுவும் சண்டைய தீத்து வைக்கிற ஆபீஸ். நம்மகிட்ட எப்பிடி சண்டைக்கு வரும், சொல்லு?"

இப்படி யோசிக்கிறவர்களை நம்பித்தான் பல அலுவலகங்கள் இன்றும் திறந்திருக்கின்றன.

வீடு பார்க்க மண்டல நல்லிணக்க அலுவலர் சந்திரமோகன் தன் சிப்பந்திகள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போகிறவர். மெல்லிய குரல், மடிப்புக் கலையாத சட்டை, எதிரில் இருப்பவர் மேல் எப்போதும் ஒரு பரிதாபம். அவர் அறைகளைப் பார்க்கவில்லை, குழாயைத் திறந்து பார்க்கவில்லை. ஹேமாவதியின் நாற்காலியில் உட்கார்ந்து ஹேமாவதியைப் பார்த்தார்.

"வீடு எப்படி இருந்தாலும் நாங்க அனுசரிச்சுப் போயிடுவோம்மா. ஓனர் எப்படின்னுதான் பார்ப்போம். நீங்க மாடியில இருக்கீங்க, நாங்க கீழ இருக்கப் போறோம். இதுல ஒரு மேலாதிக்கம் தெரியுது, கவனிச்சீங்களா?"

"மாடின்னா மேலதானே சார் இருக்கும்?"

சந்திரமோகன் வருத்தத்தோடு தலையசைத்தார். பக்கத்தில் நின்ற கணக்கு அலுவலர் அபிராமசுந்தரியிடம் திரும்பி, "தொனி. எழுதிக்கோங்க," என்றார். அபிராமசுந்தரி எழுதிக்கொண்டாள். அரசாங்கத்தின் பொருள் எதுவும் வீணாகக்கூடாது என்பதில் உயிரையே வைத்திருந்த பெண்மணி அவள். பேனாவில் மை தீர்ந்தால் அதை உதறிப் பார்த்து, ஊதிப் பார்த்து, வெயிலில் வைத்துப் பார்த்து, அதன் பிறகுதான் வேறு பேனா எடுப்பாள்.

அன்றே ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக் குடியேறுவது என்று நாளும் குறித்தார்கள். ஆனியை விட்டால் ஆடி. ஆடியில் இந்தப் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள், யாரும் வீடு கொடுக்கவும் மாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் ஆணைகள் வரத் தொடங்கின. வாரியத்தின் நாற்காலி ஒன்றுகூட இன்னும் அந்த வீட்டில் வந்து இறங்கவில்லை. ஆனால் தினமும் காலையில் கதவில் ஒரு ஆணை ஒட்டியிருக்கும். உரிமையாளர் மாடியில் நடக்கும்போது குதிகால் ஊன்றக்கூடாது. கருவாடு வறுக்கும் நாளை முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் முன்படி வழியாக ஏறி இறங்குவது குடியிருப்போரைக் கண்காணிப்பதற்குச் சமம் என்பதால் இனி பின்பக்கமாக ஏற வேண்டும். பின்பக்கம் படியே இல்லை என்று முரளிதரன் ஓடிப்போய்ச் சொன்னான். ஏணி இருக்கிறதா என்று கேட்டார்கள். உண்மை பேசியே பழகியவன், இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து ஹேமாவதி தன் சொந்த வீட்டு மாடிக்கு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணீர்க் குடத்தோடு ஏணியில் ஏறினாள். எதிர்வீட்டுப் பூக்காரி மணியம்மை முதல் நாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். மறுநாள் பொத்தாமலே சிரித்தாள்.

"இன்னாடி இது, உன் வூட்டுக்கு நீயே திருட வந்தா மாரி?"

ஹேமாவதி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஏணியின் அடுத்த படியில் கால் வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அதன் பிறகு அந்த ஆணை வந்தது. குடியேறிய நிமிடத்திலிருந்து பின்கட்டில் தறி ஓடக்கூடாது. தறியின் தடதடப்பு நல்லிணக்கத்துக்கு இன்றியமையாத அமைதியைக் குலைக்கிறது.

அதைப் படித்ததும் முரளிதரன் கிருத்திகைக்கு வாங்கிப்போட்ட நூலை எண்ணத் தொடங்கினான். ஹேமாவதி செருப்பை மாட்டிக்கொண்டு நேரே வாரியத்தின் பழைய அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், தறி ஓடலன்னா நாங்க சோத்துக்கு இன்னா பண்றது? எங்களுக்கு இந்த வாடகையே வேணாம். விட்டுடுங்க. வேற வூடு பாத்துக்கோங்க."

சந்திரமோகன் அவளுக்கு நாற்காலி காட்டினார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பதமாகத்தான் பேசினார்.

"ஒப்பந்தம் போட்டாச்சேம்மா. இப்ப உங்களுக்கு உங்க வாடகைதாரர் மேல குறை. குறை இருந்தா முறையிட ஒரு இடம் இருக்கு. இந்த வாரியம்தான் அது. புகார் கொடுங்க, இப்பவே விசாரிக்கிறேன்."

கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு விசாரித்தார். மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் விசாரணை முடிந்தது.

"எங்ககிட்ட நானே கேட்டுப் பார்த்தேன். எங்க மேல தப்பு இல்ல. நீங்க உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க. அதுக்கும் எங்ககிட்ட வழி இருக்கு."

அந்த வழி என்னவென்று இரண்டு நாளில் தெரிந்தது. காலியாகக் கிடந்த கீழ்வீட்டில் ஒட்டடை தொங்குகிறதே என்று ஹேமாவதி துடைப்பத்தை எடுத்துப்போய்ப் பெருக்கிவிட்டாள். அனுமதியின்றி நுழைந்து பெருக்கிய குற்றத்துக்காக வாரியம் வாசலுக்கே வந்தது. தெருவைக் கூட்டி நிறுத்தி, ஹேமாவதியைக் கதவுக்கு முன்னால் நிற்க வைத்து, கையில் ஓர் அட்டையைக் கொடுத்து, நல்லிணக்க உறுதிமொழியை உரக்கப் படிக்கச் சொன்னார்கள்.

"இந்த வீடு என் வீடன்று. உள்ளே இருப்பவர் என் உடன்பிறப்பு. குழாயில் தண்ணீர் வராவிட்டால் அது என் நெஞ்சின் வறட்சி. சுவரில் விரிசல் கண்டால் அது என் பண்பின் விரிசல். இந்தக் கதவைத் தட்டும் உரிமை எனக்கில்லை. தட்டினாலும் திறக்கும் கடமை அவருக்கில்லை."

படித்து முடித்தாள். சந்திரமோகன் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவம்மா," என்றார். மறுபடி படித்தாள். அவர் பிஸ்கட்டை நனைத்துச் சாப்பிட்டார். "விதி என்னன்னா, பாதிக்கப்பட்ட தரப்புக்கு மனசு ஆறுற வரைக்கும் படிக்கணும். எனக்கு ஆறிக்கிட்டே வருது. படிங்க."

மலைக்குப் போகிற ஆட்டோக்கள் நின்று பார்த்துவிட்டுப் போயின. ஹேமாவதியின் தொண்டை கட்டிய பிறகுதான் அவருக்கு மனசு ஆறியது. ஆறிய மனசோடு எழுந்து தெருவுக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றினார்.

"பொதுமக்களே, எங்களை மூணு ஓனர்கள் காலி பண்ண வெச்சாங்க. மூணு பேருமே கெட்டவங்க. நாங்க எந்த வீட்டுக்குப் போனாலும் அங்க ஒரு கெட்ட ஓனர்தான் இருக்கார், இது எங்க துரதிர்ஷ்டம். ஆனாலும் நாங்க வட்டார வழக்கத்தை மதிக்கிறவங்க. சோளிங்கர்ல ஒரு கேஸ். குறிச்ச முகூர்த்தத்துல குடித்தனக்காரர் காய்ச்சின பால் பொங்கி வழியல. வீட்டுக்காரர், ஒப்பந்தம் போட்டாச்சு, போட்டதுதான்னு நின்னார். நான் என்ன தீர்ப்பு சொன்னேன் தெரியுமா? பால் வழியாத வீட்டுல குடித்தனம் இல்ல, அந்த ஒப்பந்தமே செல்லாது! அந்த ஓனரை வாசல்ல நிக்க வெச்சு இதே உறுதிமொழியைப் படிக்க வெச்சேன். அந்தத் தீர்ப்புக்கு மேலிடத்துல எனக்குப் பாராட்டு. பதவி உயர்வுக்கே எழுதியிருக்காங்க. வாரியம் இருக்கிற வரைக்கும் அந்தத் தீர்ப்பு இருக்கும்."

சிப்பந்திகள் கை தட்டினார்கள். ஹேமாவதி அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவள் முகத்தை முரளிதரன் பார்த்துவிட்டான். கல்யாணமான புதிதில் ஒருமுறை அந்த முகத்தைப் பார்த்திருக்கிறான். அவளை ஏளனம் செய்த அவனுடைய சித்தப்பா அதன் பிறகு அந்தத் தெரு வழியாகவே வருவதில்லை.

"ஏ, இன்னாடி யோசிக்கிற?" என்றான் இரவுச் சாப்பாட்டின்போது.

"ஒண்ணும் இல்ல பாவா. பால் யாரு வாங்கியாருவாங்கன்னு யோசிச்சிகினு இருக்கேன்."

மறுநாள் அவள் அபிராமசுந்தரியைப் பார்க்கப் போனாள். கையில் ஒரு முழம் மல்லிகை. முகத்தில் அப்படி ஒரு பணிவு.

"மேடம், பால் காய்ச்சறதுக்கு நான் எதாவது வாங்கி வெக்கணுங்களா?"

"வேண்டாம். அரசுப் பால்தான் வாங்கணும். ஒரு பாக்கெட்டுக்கு அனுமதி வாங்கியாச்சு."

"ஆங், சரிங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பால் பொங்கி வழியும் இல்லீங்களா, அந்த வழியற பால எந்தக் கணக்குல எழுதுவீங்க?"

அபிராமசுந்தரியின் கையிலிருந்த பேனா நின்றது. அவள் அதை யோசித்திருக்கவில்லை. குடிப்பதற்குப் பால் வாங்கலாம். அதற்குச் செலவுக் கணக்கில் தலைப்பு இருக்கிறது. அடுப்பில் கொட்டுவதற்காக அரசாங்கத்தின் பாலை வாங்க எந்தத் தலைப்பும் இல்லை. வேண்டுமென்றே சிந்தப்பட்ட பால் அரசு இழப்பு. இழப்புக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். பொறுப்பாளர் மேல் விசாரணை வரும். விசாரணை வந்தால் பதவி உயர்வு நிற்கும். இத்தனையும் அவள் முகத்தில் வரிசையாக ஓடியதை ஹேமாவதி நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு, "வரேங்க மேடம்," என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வாரியத்தில் அவசரக் கூட்டம் நடந்தது. சந்திரமோகன் மூன்று மணி நேரம் தலைமை தாங்கினார். பால் காய்ச்சப்படும், ஆனால் பொங்குவதற்கு முந்தைய நிலையில் அடுப்பு அணைக்கப்படும் என்று முடிவானது. அதன் பிறகு அந்தப் பால் சிப்பந்திகளின் டீக்குப் பயன்படும். கலாசாரமும் காப்பாற்றப்பட்டது, கணக்கும் காப்பாற்றப்பட்டது என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டார்கள். சோளிங்கர் வழக்கு யாருக்கும் நினைவு வரவில்லை. தீர்ப்பு என்பது அடுத்தவருக்குச் சொல்வது என்று பழகியவர்கள் அவர்கள்.

முகூர்த்த நாள் வந்தது. பழைய வீட்டைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, வாரியத்தின் மேசை நாற்காலி பீரோ எல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே ஒரு பீடத்தின் மேல் மஞ்சள் பூசிய அடுப்பு, ஒரு வீடியோக்காரர். பின்கட்டில் முரளிதரன் தறிக் கொட்டகையின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலையிலேயே தறியை நிறுத்தியிருந்தான். பால் வழிந்துவிட்டால் இனி போட முடியாது. அவன் கண் கலங்கியிருந்தது.

சந்திரமோகன் அடுப்பைப் பற்ற வைத்தார். பால் சூடேறியது. ஆடை கட்டியது. ஓரத்தில் நுரைத்து மெல்ல மேலே எழும்பியது. தெருப் பெண்கள் குலவையிட வாயில் கை வைத்தார்கள்.

"அணைங்க! அணைங்க!" என்று அலறினாள் அபிராமசுந்தரி.

சந்திரமோகன் பாய்ந்து அணைத்தார். விளிம்பு வரை வந்த பால் அப்படியே உள்ளே இறங்கிப் போனது. குலவை தொண்டையிலேயே நின்றது. ஒரு சிப்பந்தி வந்து பாத்திரத்தை எடுத்துப்போய் டீத்தூளைப் போட்டான்.

"இன்னாங்க சார், பொங்கிச்சா?" என்று ஹேமாவதி கேட்டாள். ரொம்ப அடக்கமாகத்தான் கேட்டாள். வீடியோக்காரர் கேமராவைத் திருப்பினார்.

சந்திரமோகன் நெஞ்சை நிமிர்த்தினார். "அரசுப் பால் ஒரு சொட்டுகூட வழியலம்மா! எங்க நிர்வாகத்துல எதுவும் வழியாது."

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒரு சொட்டுகூட!"

"மணியக்கா, கேட்டீங்களா?"

"ஆங், கேட்டேன், தெருவே கேட்டுச்சு," என்றாள் மணியம்மை.

"அப்ப எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க சார். சோளிங்கர்ல நீங்க சொன்ன தீர்ப்பு இருக்குதே. பால் வழியலன்னா குடித்தனம் இல்ல. நான் புகார் குடுக்கறேன். விசாரிங்க."

கையில் டீ டம்ளரோடு சந்திரமோகன் அவளைப் பார்த்தார். திரும்பவும் காய்ச்சலாம் என்றார். முகூர்த்தம் தாண்டிவிட்டது, பாலும் இப்போது எல்லார் கையிலும் டீயாக இருந்தது. பொங்கியதாக எழுதிக்கொள்ளலாம் என்றார். அபிராமசுந்தரி அவர் காதருகே குனிந்தாள். ஆனால் அவள் குரல் குனியக்கூடிய குரல் இல்லை.

"பொங்கிச்சுன்னு எழுதினா அரசு இழப்பு சார். உங்க பேர்லதான் வரும். சோளிங்கர் தீர்ப்பு தப்புன்னு எழுதினா பதவி உயர்வே போயிடும் சார்."

தெரு முழுக்க அதைக் கேட்டது.

லாரியிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கிச் சாலையோரத்தில் போட்டார்கள். சந்திரமோகன் அதில் நீதிபதியாக உட்கார்ந்தார். அபிராமசுந்தரி முறைப்படி, "எதிர்த்தரப்பு, இல்ல நல்லிணக்க வாரியம்!" என்று மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது அழைப்புக்கு அவரே எழுந்து நாற்காலிக்கு எதிரில் போய் நின்று, "ஆஜர்," என்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, தான் நின்றிருந்த இடத்தைப் பார்த்து, "பால் வழிந்ததா?" என்று கேட்டார். எழுந்து போய், "வழியவில்லை ஐயா," என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இப்படி நாலைந்து தடவை போய் வந்ததில் நீதிபதிக்கும் மூச்சு வாங்கியது, எதிர்த்தரப்புக்கும் மூச்சு வாங்கியது.

கடைசியில் அவர் கண்ணை மூடினார். ஒரு பக்கம் வாரியம், இன்னொரு பக்கம் சந்திரமோகன். இரண்டில் யாரைக் காப்பாற்றுவது என்பதில் அவருக்குப் பெரிய குழப்பம் வரவில்லை.

"ஒப்பந்தம் செல்லாது," என்றார். "வாரியம் வெளியேற வேண்டும்."

"அதோட இன்னொண்ணு இருக்குதுங்களே," என்றாள் ஹேமாவதி. "தப்பு பண்ண தரப்பு வாசல்ல நின்னு படிக்கணும். எனக்கு மனசு ஆற வரைக்கும்."

கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பல நாளுக்குப் பிறகு முன்படி வழியாக, குதிகாலை நன்றாக ஊன்றி மாடிக்கு ஏறினாள். கைப்பிடிச் சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

அட்டையைத் தேடினார்கள். குடித்தனக்காரர் தப்பு செய்தால் படிக்க உறுதிமொழி எதுவும் அச்சடிக்கவே இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று வாரியம் நினைத்ததில்லை. ஆகவே இருந்த அட்டையையே எடுத்துக்கொண்டு, பூட்டிய கதவுக்கு முன்னால், தன் லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சந்திரமோகன் நின்றார்.

"இந்த வீடு என் வீடன்று," என்று தொடங்கினார்.

தெருவில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையசைத்தார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொன்னவற்றில் முழு உண்மையான வாக்கியம் அதுதான்.

"இந்தக் கதவைத் தட்டும் உரிமை எனக்கில்லை. தட்டினாலும் திறக்கும் கடமை அவருக்கில்லை," என்று முடித்துவிட்டு மேலே பார்த்தார். "மனசு ஆறிடுச்சாம்மா?"

ஹேமாவதி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். பிஸ்கட்டை நனைத்தாள். "ஆறிகினே வருது சார். படிங்க."

மறுநாள் ஆடி பிறக்கிறது. ஒரு மாதத்துக்கு இந்த ஊரில் யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். லாரிக்காரர் இறக்கப் போகிறீர்களா இல்லையா என்று ஹாரன் அடித்தார். அபிராமசுந்தரி பீரோவின் மேல் உட்கார்ந்து வெயிலுக்குக் கோப்பு ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

முரளிதரன் மாடிக்கு ஓடி வந்தான். "பாவம்டி, தொண்டை கட்டிப்போச்சு அந்தாளுக்கு. விட்டுடேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். அந்தத் தொண்டை கரகரப்பு அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அதே இடத்தில் நின்றபோது அவளுக்கும் அப்படித்தான் கட்டியது. கேட்கக் கேட்க நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பாவம் எதுவும் வரவில்லை. வருகிறதா என்று ஒரு நிமிடம் பொறுத்துக்கூடப் பார்த்தாள்.

"பாவா, நீங்க போயி தறிய போடுங்க. நாலையும் போடுங்க."

கொட்டகையில் முதல் தறி தடதடத்தது. அடுத்தடுத்து மற்றவையும் சேர்ந்துகொண்டன. சுவர் அதிர்ந்தது, மாவிலைத் தோரணம் ஆடியது. கீழே சந்திரமோகனின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

ஹேமாவதி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்கல சார்! மொதல்ல இருந்து படிங்க!"